பலகையில் மாட்டிய முகம்

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் பாதி பொய்யாகிவிடும். அதனால் நலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. புது சலூன் கடை திறக்கிற அவசரத்தில் அவன் எத்தனையைத்தான் கவனிப்பான் என்று உன் அண்ணன் உனக்காக என்னிடம் வாதாடுகிறார். ஆகவே நீ இருக்கும் ஊர்ப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர், நம் மீசைக்காரர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். டிப்போ ஆட்கள் கையில் போன கடிதம் எதுவும் வழியில் தொலைந்ததில்லை.

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. ஒரே சட்டத்துக்குள் உன் அண்ணன் முகம் இரண்டு. இடது பக்கம், நெற்றிச் சுருக்கம் மறைய நீ போட்ட ஊசிக்கு முன், வலது பக்கம் ஊசிக்குப் பின். இடது பக்கத்து மனுஷனை எனக்குத் தெரியும். பின் சீட்டில் யாராவது ரகளை செய்தால் வாயே திறக்காமல் உள்கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், பஸ்ஸே அடங்கிவிடும். புருவத்துக்கு நடுவே விழும் அந்த இரண்டு கோட்டுக்காகத்தான் டிப்போவில் அவருக்கு ‘முறைப்பு’ என்றே பெயர். வலது பக்கத்தில் இருப்பவர் எனக்கு அறிமுகமில்லாத யாரோ ஒரு புது மாப்பிள்ளை.

பொய் சொல்வானேன், முதல் இரண்டு நாள் நானும் ரசித்தேன். சித்தப்பா அப்பாவுக்கு இஸ்திரி போட்டுவிட்டார் என்று நம் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சலவைக் கடையில் நாள் முழுக்கச் சுருக்கம் எடுக்கிறவள், நான் சட்டையை விட்டு ஆளை இறக்கிவிட்டுத்தான் பெட்டியைச் சூடு பண்ணுவேன், உன் சித்தப்பா ஆளோடு சேர்த்தே போட்டுவிட்டார் என்று நானும் என் பங்குக்குக் கேலி செய்தேன்.

இனி கண் விஷயம். நீ கிளம்பிய மறுநாள் காலையில் எழுந்தவருக்கு வலது இமையைப் பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். முகம் கழுவினார், டீ குடித்தார், இமை அப்படியே தொங்குகிறது. அன்றைக்கு மட்டும் நீ போனை எடுத்தாய். அது மருந்து உள்ளே இறங்குகிற வேலை, வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, காலையும் மாலையும் தேய்த்து விடுங்கள் அண்ணி, ஓடிப்போகும் என்றாய். நீ சொன்னபடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இமை இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. ஒரு பஸ் இரண்டாகத் தெரிகிறது என்கிறார். தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ தடுக்கிறதாம், இருமுகிறார்.

டிப்போவில் கண் வலி என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார். மாதக் கடைசியில் ஓட்டுநர்களுக்கு வருடாந்திரக் கண் பரிசோதனை வருகிறது. அதில் தவறினால் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள். அவருக்கு வேறு என்ன தெரியும், சொல். அதனால் கேட்கிறேன்: நீ போட்டது என்ன மருந்து, எங்கே வாங்கினாய், எத்தனை நாளில் தெளியும்? தெரிந்தால் தெரியும் என்றும் தெரியாவிட்டால் தெரியாது என்றும் ஒரு வார்த்தை எழுது. எனக்கு உன் மேல் கோபமெல்லாம் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கடை நன்றாக நடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி

* * *

வியாழக்கிழமை

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். ‘நீ’ என்றும் எழுத வரவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுகிறமாதிரி ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். இப்போதைக்கு அதுதான் கைக்கு வருகிறது.

ஒரு மாதத்துக்கு முன் எழுதிய என் முதல் கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. பிரித்துப் படித்தீர்கள், மடித்துப் பையில் வைத்தீர்கள், உட்காருங்கள், மீசையை அழகாகத் திருத்தி விடுகிறேன் என்று மீசைக்காரரையே நாற்காலியில் ஏற்றப் பார்த்தீர்கள். எல்லாம் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ‘எல்லாம் சரியாகிடும் அண்ணி’ என்று போனில் ஒரு வரி வந்தது. அடுத்த நாளிலிருந்து என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் உங்களுக்கு மணியே அடிப்பதில்லை.

எல்லாம் எப்படிச் ‘சரியானது’ என்று எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் கொடுத்து அனுப்பிய இரண்டாம் நாள் காலை, மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு வாயில் போன டீ மூக்கு வழியாக வந்தது. சட்டையெல்லாம் நனைந்துபோய் என்னைப் பார்த்தார். என்னங்க என்று பதறினேன். பதில் சொன்ன குரல் அவர் குரலாக இல்லை, மூக்கடைத்த யாரோ பேசுகிறமாதிரி இருந்தது. ஒன்றுமில்லை, புரை ஏறிவிட்டது என்றார். நம் பெண்தான், இது புரை இல்லை, கிளம்புங்கள் என்று இருவரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கண்ணைப் பார்க்கவில்லை. மூச்சைப் பார்த்தார்கள். ஊதச் சொன்னார்கள், எண்ணச் சொன்னார்கள், தலையைத் தூக்கச் சொன்னார்கள். தொண்டைத் தசை தளர்ந்ததுபோல மூச்சுத் தசையும் தளர்ந்தால் என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குக் கவலை. சில நாள் படுக்கையில் வைத்துக் கண்காணித்தார்கள். குழாய் வழியாகத்தான் ஆகாரம் போனது. அந்த நாட்களில் நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதினால் காகிதம் தாங்காது.

டாக்டரம்மா நிதானமானவர். இந்த ஊசி விஷம் என்று அவர் சொல்லவில்லை. தசை இழுத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு நாங்களே போடுகிறோம் என்றார். முகத்தில் எந்தத் தசை எங்கே ஓடுகிறது என்று படித்தவர், நம்பகமான மருந்தை அளவு பார்த்துப் போட்டால் பெரும்பாலான ஆண்களுக்குக் குத்தின இடம் கொஞ்சம் கன்றும், ஓரிரு நாள் தலை வலிக்கும், அத்தோடு போய்விடுமாம். ஆண்களுக்குத் தசை கனம், மருந்து சற்றுக் கூடத் தேவைப்படலாம் என்பதும் உண்மையாம். உங்களுக்குத் தெரிந்தது அந்த ஓர் உண்மைதான் போலிருக்கிறது. பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மருந்து வேலை செய்யவே பல நாள் ஆகும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் பொறுக்காமல் மறுபடி குத்தியது யார்? கழுத்தில் குத்தச் சொன்னது யார்? குத்தின இடத்தைத் தேய்த்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை போட்டீர்கள். புதன்கிழமைவரை கோடு மறையவில்லை. ஆம்பளைத் தோல், டோஸ் பத்தலை, விடு அண்ணே என்று நெற்றியில் மறுபடி குத்தினீர்கள். படத்தில் கழுத்து நரம்பு தெரியக்கூடாது என்று அங்கேயும் நாலு குத்து. பிறகு உங்கள் பழக்கம் உங்களை விடவில்லை. முடி வெட்டினாலும் சவரம் செய்தாலும், நெற்றியைப் பிடித்துவிடாமல் ஒரு ஆளையும் நாற்காலியிலிருந்து எழுப்பியதில்லை நீங்கள். கட்டைவிரலால் புருவத்தை அழுத்தி, இமைவரை இழுத்து, கழுத்தை உருவி, கடைசியில் தோளில் ஒரு தட்டு. அதற்காகவே உங்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. உங்கள் அண்ணனுக்கும் அதே மரியாதையைச் செய்தீர்கள், அதுவும் அன்பாக, வழக்கத்தைவிட நேரம் எடுத்து. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்குத் தூக்கமே வந்துவிட்டது. போட்ட இடத்தில் நிற்கவேண்டிய மருந்தை இமைக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டது அந்தக் கைதான் என்கிறார் டாக்டரம்மா.

நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் தினமும் தேய்த்தேனே, அதையும் கேட்டேன். அதற்குள் மருந்து தசையில் பிடித்துவிட்டிருக்கும், அந்தத் தேய்ப்பால் பெரிய கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை என்றார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போகும் என்று சொன்னீர்களே, நீங்கள் பழைய கடையில் மிச்சமிருந்ததையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போகும்வரை என் கைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

மருந்துக் குப்பியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அசலா போலியா, எவ்வளவு வீரியம், எதில் கலந்தது, ஒன்றும் தெரியாமல் இருட்டில் எத்தனை தூரம் போவது என்று டாக்டரம்மா கேட்டார். நான் பழைய கடைக்கு ஓடினேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம் சாவி இருந்தது, திறந்து விட்டார். என்னோடு போனில் பேசிய அன்று ராத்திரியே நீங்கள் வந்து, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்களுக்கு நடுவில், ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் குப்பி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாத ஏதோ எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. இப்போது ஃப்ரிட்ஜ் காலி. சோப்புப் போட்டுத் துடைத்து, கதவைத் திறந்து காயவும் வைத்திருந்தீர்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஃப்ரிட்ஜை நான் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததே இல்லை.

அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. தெரியாமல் செய்தது தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். துடைத்தது தெரிந்து துடைத்தது.

இப்போது மூச்சுக்குப் பயமில்லை. மெதுவாக விழுங்குகிறார். இமைக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் தூக்குகிறது. மற்றபடி மருந்தின் வேகம் தானாகக் குறைய மாதக்கணக்கில் ஆகலாம். கண் பரிசோதனையில் தவறிவிட்டார். டிப்போவில் விட்டுக்கொடுக்காமல், வண்டியில் தொலைந்துபோன சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். இமையைப் பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு ஒட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, குடையும் டிபன் டப்பாவும் எடுத்துக் கொடுக்கிறார். அப்படித் தலையை நிமிர்த்திப் பார்ப்பதால் திமிர் பிடித்த ஆள் என்று ஒரு பயணி புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டால் வலது கால் தானாக அழுந்துகிறது என்று என்னிடம் சொன்னார்.

இவ்வளவுக்கும் அவர் வாயிலிருந்து உங்களைப் பற்றி ஒரு சொல் கெட்டதாக வரவில்லை. நீங்கள் தொழில் கற்றபோது முதன்முதலில் கத்தரி வைத்தது அவர் தலையில். காதில் ரத்தம் வந்தது, மண்டை முழுக்கப் படிக்கட்டு. தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், முடிதானே, வளர்ந்துவிடும் என்றார். இப்போதும் அதே பாட்டு. புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, என் தம்பி மேலே நானே எழுதிக் கொடுப்பேனா, பேசாமல் இரு என்று அடக்கிவிட்டார். அன்று தலையைக் கொடுத்தார், இன்று முகத்தைக் கொடுத்தார். அடுத்து உங்களுக்கு எது வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

போன வாரம்வரை இப்படித்தான் இருந்தார். போன வாரம் மீசைக்காரர் வந்து உங்கள் புதுக் கடையைப் பற்றிச் சொன்னார். வாசலில் ஆள் உயரப் பலகை, அதில் ‘முன்’, ‘பின்’ என்று என் புருஷனின் இரண்டு முகம், ராத்திரியிலும் தெரிய விளக்கு. பார்த்தவர்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார்களாம். அதைக் கேட்டும் உங்கள் அண்ணன் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கவுன்டருக்கு ஒரு பையன் இனிப்போடு வந்திருக்கிறான். புதிதாகச் சேர்ந்த கண்டக்டர், அடுத்த மாதம் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையில் நேரம் வாங்கியிருக்கிறான். முறைப்பு அண்ணனே போட்டிருக்காரு, அப்புறம் எனக்கென்ன பயம் என்று சிரித்தானாம். உங்கள் அண்ணன் எழுந்து நின்று, போகாதேடா, என் கண்ணைப் பார், தொண்டையைக் கேள் என்று நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். பாதி கேட்டதும் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலாய்க்காதீங்கண்ணே, முகத்தைப் பார்த்தாலே தெரியுது, ஒரு சுருக்கம்கூட இல்லாம எவ்வளவு ஜோரா இருக்கீங்க, எனக்கு மட்டும் வேண்டாங்கிறீங்களா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவர் பிளாஸ்திரியைக் காட்டியதற்கு, கண் வலின்னு நீங்கதானே லீவு போட்டீங்க என்றானாம்.

அன்று மாலை இதை என்னிடமும் பெண்ணிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், சொல்லி முடிக்கும்போது கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே நெரித்து உடைத்துவிட்டார். உள்ளங்கையில் ரத்தம் ஒழுகுகிறது. முகத்தில் ஒன்றுமில்லை. புருவம் அசையவில்லை, ஒரு கோடு விழவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்மாதிரி அமைதியாக இருக்கிறது முகம். உங்களைப் பார்த்தால் பயமா இருக்குப்பா என்று பெண் அழுதுவிட்டாள். அவள் சின்ன வயதிலிருந்து அந்த முறைப்புக்குப் பயந்தே நேராக வளர்ந்தவள். முறைப்பில்லாமல் அவள் அப்பாவைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார், அவனுக்கு எழுது என்று. நான் எழுதுவது அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் சொன்னது நான்கு. அந்தப் பையனைத் திருப்பி அனுப்பிவிடு. பலகையை இறக்கு. குப்பியை எடுத்துக்கொண்டு நீயே வந்து டாக்டரம்மாவிடம் கொடு. அதே குப்பியிலிருந்து இன்னும் யார் யாருக்குப் போட்டாய் என்று சொல், அவர்கள் தொண்டையில் தண்ணீர் இறங்குகிறதா என்று யாராவது கேட்கட்டும். அதற்குப் பிறகும் அவன் என் தம்பிதான் என்றார். கடைசி வாக்கியம் அவருடையது. என்னைக் கேட்டால் நான் அதைச் சேர்த்திருக்க மாட்டேன்.

நான் சொல்வது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். பலகை இறங்கியிருந்தால், வாசலில் நின்று குப்பியை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிடுவேன். இறங்காமல் இருந்தால், உங்கள் கடை நாற்காலி ஒன்றை இழுத்து, அந்தப் பலகைக்குக் கீழே உங்கள் அண்ணனை உட்கார வைப்பேன். பிளாஸ்திரியோடு உட்காரட்டும். முன் இருக்கிறது, பின் இருக்கிறது, அதற்கும் பின் எப்படி இருக்கும் என்று வருகிறவர்கள் பார்த்துவிட்டு உள்ளே வரட்டும். ஒரு கிளாஸ் தண்ணீரும் கையில் கொடுப்பேன். எப்படிக் குடிக்கிறார் என்று நீங்களும் பாருங்கள்.

அவனை நல்லா இருக்கச் சொல் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு, அண்ணன் மன்னித்துவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தை நேரில் பார்க்கும்போதும் கோபம் தெரியாது. கோபப்பட அவரிடம் முகம் இல்லை. அதை நீங்கள் எடுத்துப்போய் விளக்குப் போட்டுத் தெருவில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். கழற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி